கண்ணில் படாத மீன்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதனிடம்தான் போவார்கள். கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். "மீன் எங்க?" என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் "இருக்கு" என்பார். அதோடு சரி. அதற்கு மேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

நான் அப்படியில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் பெற்றோரோடும் ஆசிரியர்களோடும் பேசிப் பேசியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. அப்படியும் வீட்டுக்கு வந்து பேசுவேன். அவரோ விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் எங்கள் ஊரான கூலாயிலிருந்து கிளம்பி, மலேசிய எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர். வந்ததும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். எதையும் பார்க்கிற மாதிரியும் இருக்காது. கல்லுளிமங்கன் என்று நான் வைத்த பெயருக்குக்கூட அவர் பதில் சொன்னதில்லை.

தொட்டி வாங்கலாம் என்று சொன்னதே நான்தான். நான் கேட்டது தங்கமீன். வீட்டுக்கு லட்சணமாக இருக்குமே என்று. அவர் கொண்டுவந்தது ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பழுப்புத் தண்ணீர். அதற்குள் மண்புழு மாதிரி ஏதோ நெளிந்தது. கடையில் இதற்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டேன். "கூலி" என்றார். எனக்கு வந்ததே கோபம். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்த கூலிகள் போதாதென்று இதையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

"இது நம்ம ஊரு மீனு. பொந்தியான் பக்கம், கோத்தா திங்கி பக்கம் காட்டுக்குள்ள கறுப்புத் தண்ணி ஓடும்ல, அதுல இருக்கும்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பையைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். எட்டோ பத்தோ இருந்திருக்கும், அவரே எண்ணவில்லை. எல்லாம் நேராக அடிமணலுக்குப் போயின. போனவை போனவைதான். அதற்குப் பிறகு பல மாதம் என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அவர் தீனி போடுவார், மறுநாள் பார்த்தால் தீனி இருக்காது. அதை வைத்துத்தான் மீன் இருக்கிறது என்று நம்ப வேண்டும். "வெறுந்தொட்டிக்குச் சோறு போடுற ஆள ஜொகூர்லயே இங்கதான் பாக்கலாம்" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிப்பார்.

தொட்டித் தண்ணீரும் பார்க்கிற மாதிரி இருக்காது. சூரா என்கிற சின்னத் தொழுகைக் கூடத்துக்குப் பக்கத்துத் திடலில் ஒரு கெத்தாப்பாங் மரம் நிற்கிறது. நம்மவர்கள் வாதாங்கொட்டை மரம் என்பார்கள். அதன் காய்ந்த இலைகளைப் பொறுக்கிவந்து உள்ளே போடுவார். இலை ஊறி ஊறித் தண்ணீர் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அதுதான் அந்த மீன்களுக்குக் காடு, மருந்து, கூரை எல்லாம்.

நான் முதன்முதலாக அவற்றைப் பார்த்தது ஒரு மழைநாள் பிற்பகலில். இடி இடித்து மின்சாரம் போய்விட்டது. தொலைக்காட்சி இல்லை, கைப்பேசியிலும் உயிர் இல்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேச ஆளில்லாமல் நான் வாயை மூடியிருந்த அபூர்வமான நேரம் அது. ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது.

ஓர் இலைக்கு அடியிலிருந்து முதலில் மீசை வந்தது. பிறகு குட்டி முகம். அதற்குப் பிறகு உடம்பு வந்துகொண்டே இருந்தது. விரல் நீளம்தான், பென்சிலைவிட மெலிசு. மஞ்சள் உடம்பில் கறுப்பும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக வரி. தலையணைக்குக் கீழே மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர் கை மாதிரி, மீசையால் மணலைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. ஒரு வாய் மணலை எடுத்து, சலித்து, செவுள் வழியாக உதிர்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு இரண்டு. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளறிவைத்த மீ நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தன. எந்தத் தலை எந்த வாலுக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. என்னை அறியாமல் "ஆ!" என்றேன். தொட்டி காலியாகிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், மணலில் ஒரு புழுதிகூடக் கிளம்பவில்லை. தலையை நுழைத்ததும் உடம்பு முழுவதும் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மணல் மூடிக்கொண்டது. ஒளிந்துகொள்வதில் இவ்வளவு அழகு இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாக வாசலிலேயே சொன்னேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ பேசாம இருந்தியா?" என்றார். அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

அதற்குப் பிறகு நான் அந்த மீன்களின் ரசிகை ஆகிவிட்டேன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் இவற்றுக்காகக் கற்றுக்கொண்டேன். நேராகப் பார்க்கக்கூடாது. வேறு ஏதாவது வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் குறைவான நேரத்தில் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். அப்போது அவையாக வரும். மழை வரப்போகிறது என்றால் எனக்கு முன்பே அவற்றுக்குத் தெரியும். அமைதியாகக் கிடந்தவை திடீரென்று கண்ணாடியோரமாக மேலும் கீழும் ஓடும். நான் போய்க் கொடியில் கிடக்கிற துணியை எடுத்துவந்துவிடுவேன். ஒருமுறைகூட அவை என்னை ஏமாற்றியதில்லை.

என் தங்கை வீட்டில் தங்கமீன் இருக்கிறது. ஆளைக் கண்டால் வாயைத் திறந்துகொண்டு ஓடிவரும், தேர்தல் நேரத்து ஆள் மாதிரி. இவற்றுக்கு என்னிடமிருந்து ஒரு கைதட்டல்கூட வேண்டாம். யாரும் பார்க்காவிட்டாலும் மணலைச் சலித்து, தொட்டியைச் சுத்தம் செய்து, தங்கள் பாட்டில் வாழ்கின்றன. பயந்தாங்கொள்ளிகள் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அவற்றைப் பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும்.

இனி அந்தத் தீபாவளி.

என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கிறார். அம்மா போனபோது இவர் கைக்குழந்தை. அக்காதான் வளர்த்தார். துணித் தொழிற்சாலையில் வேலை செய்து தம்பியை ஆளாக்கினார், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சில நாள் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு வீட்டைக் கழுவ ஆரம்பிப்பார். ஜன்னல், மின்விசிறி, சாமி மேடை, கேஸ் அடுப்பு எதுவும் தப்பாது. எனக்கு மாமியார் இல்லாத குறையை அவர் வைத்ததே இல்லை. ஆனால் தம்பிமேல் உயிரையே வைத்திருக்கிறவர்மேல் எனக்குக் கோபம் நிலைக்காது.

தீபாவளிக்கு முதல் நாள் நான் பசாருக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் வேலையில். வாழையிலையும் ஆட்டிறைச்சியும் பூவும் வாங்கிக்கொண்டு திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தூக்கிவாரிப்போட்டது. தொட்டி பளபளவென்று மின்னியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஓர் இலை இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது. சாமி மேடையில் வைத்திருந்த பிளாஸ்டிக் தாமரை அதற்குள் மிதந்தது.

"எப்புடி?" என்றார் நாத்தனார், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "இப்பத்தான் பாக்க நல்லாருக்கு."

"அக்கா, மீனு?"

"எந்த மீனு?"

"இதுல இருந்த மீனு!"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "ஏம்மா, எத்தன வருசமா வரேன் போறேன், ஒரு மீன நான் கண்ணால கண்டதில்லயே. எல்லாம் செத்துப் போயிருச்சு, தம்பிக்குத் தூக்கிப்போட மனசு வரலன்னுல்ல நெனச்சேன். அவன் கையால செய்ய வேணாமேன்னுதான் நானே அள்ளி ஊத்துனேன்."

வாளி வாளியாகத் தண்ணீரைப் பின்கட்டுக் கால்வாயில் ஊற்றியிருக்கிறார். அழுகின இலைகளைக் குப்பைப் பையில் கட்டி வெளியே வைத்திருக்கிறார். குப்பை லோரி வந்து எடுத்துப்போய்விட்டது. அடியில் மணல் கனமாக இருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டு, மேலே குழாய்த் தண்ணீரைப் பிடித்திருக்கிறார். நான் பின்கட்டுக்கு ஓடினேன். மழைத் தண்ணீர் கால்வாயில் நுரைத்துக்கொண்டு ஓடியது. இலையோடு போனவை எத்தனை, மணலில் தப்பியவை எத்தனை, தப்பியவைதான் உண்டா, ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் வந்தார். ஹெல்மெட் கையில், அப்படியே நின்றார். நாத்தனார் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்காரர் தொட்டிக்குள் மருந்துச் சொட்டுகளை விட்டார், குழாய்த் தண்ணீரின் காரம் போவதற்கு. விளக்கை அணைத்தார். தாமரையை எடுத்து, தண்ணீரை உதறி, சாமி மேடையில் வைத்தார்.

"என்னடா, எதாச்சும் சொல்லு" என்றார் நாத்தனார்.

"பரவால்லக்கா" என்றார். குளிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை.

எனக்குப் புரிந்தது, அவருக்குக் கோபமில்லை. துக்கம் வந்தால் அவர் அப்படித்தான். ஆனால் நாத்தனாருக்கு அது அறை வாங்கின மாதிரி இருந்தது. இரண்டு திட்டு திட்டியிருந்தால் தெம்பாக எழுந்திருப்பார்.

மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, சாமி கும்பிட்டோம். வெளியே விடிந்ததே தெரியாத அளவுக்கு மழை. தோசையும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசையில் ஆவி பறந்தது. நாத்தனார் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்:

"நல்ல நாளும் அதுவுமா உசுரக் கொன்னுட்டேன். அதுல ஒரு மீனயாவது கண்ணால பாக்குற வரைக்கும் என் வாயில பச்சைத் தண்ணி படாது. இது சாமி மேல சத்தியம்."

நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார்.

நான் பக்கத்தில் ஓடினேன். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருக்கிறது, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். "அக்கா, காலையில ஊசி போட்டுட்டீங்களா?" என்றேன். "போட்டாச்சு. அதுக்கென்ன?" என்றார். அதுக்கென்னவா? ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஒருமுறை மயங்கி விழுந்து, மருத்துவமனையில் கிடந்தவர் அவர். ஊசி போட்டால் சாப்பிடாமல் இருக்கவே கூடாது என்று டாக்டர் என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருந்தார். கெஞ்சினேன், அதட்டினேன். தே டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுப்படிக்கு வந்து வீட்டுக்காரரைப் பிடித்தேன். "நீங்க கொஞ்சம் திட்டுங்களேன்! திட்டுனா அழுதுட்டுச் சாப்பிட்டுருவாங்க."

"எனக்குக் கோவமே வரலயே" என்றார்.

"அப்ப அதயாவது போயிச் சொல்லுங்க!"

அவர் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் திரும்பினார். புதுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு கையிலும் கெத்தாப்பாங் இலை. ஒவ்வொன்றாகக் கழுவி, தொட்டிக்குள் மணல்மேல் படிகிற மாதிரி வைத்தார். விளக்கை அணைத்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா. நீ உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா அது வராது."

"நான் பாக்காம பின்ன எப்புடிடா பாக்குறது?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். ஆனாலும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அதற்குள் விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீன அக்கா பிஸ்கட் டின்னோடு வந்தார். எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் பிள்ளைகளோடு வந்தது. என் தங்கையும் கூட்டத்தோடு வந்து இறங்கினாள். ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே காதில் சொன்னேன், மீன் விஷயம், சத்தியம், ஊசி, எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. தொலைக்காட்சி நின்றது. பிள்ளைகள் மத்தாப்பைக் கீழே வைத்தார்கள். இருட்டுக் கூடத்தில் புதுத்துணியும் பூவுமாக இத்தனை பேர், மடியில் தட்டோடு, மெல்லுகிற சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தோம். தீபாவளி அன்றைக்கு விளக்கை அணைத்துவைத்த வீடு எங்கள் தாமான் குடியிருப்பில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"மாலு, இக்கான் நி" என்றார் மலாய் அக்கா கிசுகிசுப்பாக. மீனுக்கு வெட்கமாம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் மீனைப் பார்க்கவில்லை. நாத்தனாரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் கிடந்த விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. மேலுதட்டில் வியர்வை. மழைக்குளிரில் வியர்வை! சர்க்கரையை அள்ளிப் போட்ட தேயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வேணாம்மா" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தலை மெல்லச் சாய்ந்தது, கண் மூடியது.

அந்த நேரம் பார்த்துத்தான் அது வந்தது.

புது இலையின் விளிம்பில் மீசை. பிறகு அந்த முகம், எப்போதும்போல ஏதோ கணக்குப் பிழையைத் தேடுகிற முகம். இலைமேல் ஏறி, பட்டை பட்டையான உடம்பை முழுவதும் நீட்டி, யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல ஒரு வாய் மணலை எடுத்துச் சலித்தது. நேற்று அதன் காட்டையே வாரி வெளியே கொட்டியிருக்கிறார்கள். பொல்லாத தண்ணீரில் ஒரு பகலும் ஓர் இரவும் மணலுக்குள் கிடந்திருக்கிறது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டது. சீன அக்கா மார்பில் கை வைத்துக்கொண்டார். கூடம் முழுக்க ஒரே மூச்சு.

"அக்கா" என்றேன், முடிந்த அளவு மெல்ல. "அக்கா, பாருங்க."

அவர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். நாற்காலி கிறீச்சென்றது. இலை மட்டும்தான் இருந்தது.

"எங்க?"

"இப்ப இருந்துச்சுக்கா!" "பாத்தோம் ஆன்ட்டி!" "அடா, அடா, சயா தெங்கோக்!" தமிழிலும் மலாயிலுமாக, பார்த்தோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது.

"என்னைச் சாப்பிட வைக்க எல்லாரும் சேந்து பொய் சொல்றீங்க" என்றார். "சத்தியம் பண்ணிட்டேன். நான் பாக்கல." வாய் குழறியது. நான் நீட்டிய டம்ளரைத் தள்ளினார். பாதித் தே என் புதுச் சேலையில் கொட்டியது.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். சுவரோரம் ஈரச் சட்டையோடு நின்றிருந்தவர், அத்தனை பேருக்கு நடுவே நடந்துவந்து, அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். டம்ளரை என் கையிலிருந்து வாங்கினார்.

"நான் பாத்தேன்க்கா" என்றார். "பாக்காட்டிதான் என்ன? மொத்தமும் செத்துப் போயிருந்தாத்தான் என்ன? மீனு போனா வேற மீனு வாங்குவேன். அம்மா மூஞ்சிகூட எனக்கு ஞாபகம் இல்ல, அம்மான்னு நெனச்சா ஒம் மூஞ்சிதான் வருது. நீ போயிட்டா நான் எங்கக்கா போயி வாங்குவேன்?"

அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலக் கேட்டதுமில்லை. என் தங்கை விசும்பினாள். தமிழ் தெரியாத மலாய் அக்காவும் முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாத்தனார் தம்பியின் தலையில் கை வைத்தார். நடுங்குகிற கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தம்பியே வாயில் வைத்துக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரை வரைக்கும் நாத்தனார் குடித்தார். நெற்றியில் வியர்வை அடங்கி, கண்ணில் தெளிவு வரும்வரை நாங்கள் யாரும் அசையவில்லை. பிறகு தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்லடா" என்றார்.